முப்பது வருடமாக விழாதவருக்கு ஹெல்மெட் எதற்கு?

நீங்கள் கேட்டது இதுதான்: குழந்தைகளுக்கு ஹெல்மெட் சரி, முப்பது வருடமாக சைக்கிள் ஓட்டி ஒரு தடவைகூட விழாத பெரியவர் எதற்காக அதைத் தலையில் சுமக்க வேண்டும்? கூடவே, நெதர்லாந்தில் யாரும் போடுவதில்லையே, போட்டால் வண்டிகள் இன்னும் உரசிக்கொண்டு போகும் என்று ஓர் ஆய்வே இருக்கிறதே, லாரி ஏறினால் அந்தத் தெர்மாகோல் தொப்பி என்ன செய்துவிடும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடுங்கள். வயது ஏறியிருக்கிறது என்றால் இன்னும் கண்டிப்பாகப் போடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் எல்லாப் பெரியவர்களும் போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் அபராதம் என்று சட்டம் கொண்டுவரலாமா என்று கேட்டால் என் பதில் வேறு. முதல் கேள்வி உங்கள் தலையைப் பற்றியது, இரண்டாவது ஒரு ஊர் மக்கள் சைக்கிளை எடுப்பார்களா, மூலையில் சாத்திவிடுவார்களா என்பதைப் பற்றியது. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பி, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதால்தான் இந்த விஷயத்தில் சண்டை ஓய்வதே இல்லை. சட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான வாதத்தைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எனக்கும் ஹெல்மெட் வேண்டாம் என்று ஒருவர் முடிவு கட்டுகிறார். ஹெல்மெட் காப்பாற்றும் என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் போடாதவனையெல்லாம் நிறுத்தி அபராதம் வாங்கு என்று இன்னொருவர் கிளம்புகிறார்.

சரி, தெர்மாகோல் தொப்பி என்ன செய்யும் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். உண்மையில் அது தெர்மாகோல்தான், பொருட்களைப் பெட்டியில் வைத்து அனுப்பும்போது சுற்றி வைக்கிறார்களே அதே பொருள், அடர்த்தி மட்டும் அதிகம். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கனம் இருக்கும். அதன் வேலை நசுங்குவது, அவ்வளவுதான். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்போம் இல்லையா? அப்படி இழுக்காமல் கையை விறைப்பாக வைத்தால் உள்ளங்கை எரிந்துபோகும். பந்தின் வேகம் இரண்டு முறையும் ஒன்றுதான், அது நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் வேறு. ஹெல்மெட் உங்கள் தலைக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் தூரத்தைத் தருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு 19 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த வேகத்தில் வரும் மண்டை இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியிருந்தால் புவியீர்ப்பைப் போல சுமார் 750 மடங்கு அதிர்ச்சி. அதையே இரண்டு சென்டிமீட்டரில் சீராக நிறுத்த முடிந்தால் 75 மடங்கு. நிஜத்தில் நுரை இவ்வளவு சீராக நசுங்காது, அதனால் உச்ச அதிர்ச்சி இதைவிட அதிகமாகத்தான் இருக்கும், ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது அல்லவா? ஐரோப்பாவின் இஎன் 1078 தரச் சோதனையிலும் இதே வேகம்தான், வினாடிக்கு 5.42 மீட்டர். உலோகத் தலை ஒன்றுக்கு ஹெல்மெட்டை மாட்டி ஒரு தட்டையான இரும்புப் பலகையில் போடுவார்கள், உள்ளே உள்ள கருவி 250 மடங்குக்கு மேல் காட்டக்கூடாது. அமெரிக்காவின் சிபிஎஸ்சி தரம் 1999இல் அமலுக்கு வந்தது, அதில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள், வரம்பு 300 மடங்கு.

இந்தக் கணக்கில் நீங்கள் எவ்வளவு வேகமாக சைக்கிள் ஓட்டினீர்கள் என்ற விவரம் எங்கேயும் வரவே இல்லை, கவனித்தீர்களா? இதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "நான் மெதுவாகத்தானே போவேன்" என்பதுதான் பெரியவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பதில். தலை தரையை நோக்கி வரும் வேகத்தைத் தீர்மானிப்பது உயரம். நீங்கள் சிக்னலில் கால் ஊன்றத் தவறி நின்ற இடத்திலேயே சாய்ந்தாலும் அந்த ஒன்றரை மீட்டர் அப்படியேதான் இருக்கிறது. கையை ஊன்றியோ தோளை முதலில் கொடுத்தோ பாதி வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான சமயம் உடம்பு அதைத் தானாகவே செய்துவிடுகிறது. செய்யாமல் போகும் அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதிகாலை, லேசான தூறல் விட்டிருந்தது, தினமும் திரும்பும் அதே திருப்பம். சாலையில் பதித்த இரும்பு மூடி ஒன்று நனைந்து கிடந்தது. முன்சக்கரம் அதன் மேல் ஏறியபோது நான் கொஞ்சம் சாய்ந்திருந்தேன், நடைவேகத்தைவிடச் சற்றே அதிகமான வேகம், அவ்வளவுதான். சக்கரம் வழுக்கியதையே நான் உணரவில்லை. பிரேக்கைப் பிடிக்க நேரமில்லை, கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்கக்கூட நேரமில்லை. அடுத்து எனக்கு நினைவிருப்பது காதுக்கு மேலே கேட்ட ஒரு "டக்". எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓட்டியே வந்துவிட்டேன். ஹெல்மெட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரு தேய்ப்பு, வேறொன்றுமில்லை. அப்புறம் உள்ளே இருந்த பஞ்சுப் பட்டையை உரித்துப் பார்த்தேன். வலது பொட்டுக்கு நேரே நுரை அமுங்கி, கட்டைவிரலை வைத்தால் பதியும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது, அதிலிருந்து இரண்டு கீறல் விரிசல்கள் காற்றுத் துளை வரைக்கும் ஓடியிருந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்வார்களே, அந்தப் பழமொழியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஹெல்மெட் இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன் என்று நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரிய வழியும் இல்லை. உடைந்த ஹெல்மெட்டைக் காட்டி "இது என் உயிரைக் காப்பாற்றியது" என்று சொல்லும் கதைகள் நிறைய உண்டு, அவற்றை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நுரை அமுங்கியிருந்தால் வேலை செய்திருக்கிறது, அமுங்காமல் வெறுமனே பிளந்திருந்தால் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறது, அவ்வளவுதான் அந்த நுரையைப் பார்த்துச் சொல்லலாம். அதனால்தான் பெரிய எண்ணிக்கைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1989இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஹெல்மெட் தலைக்காயத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்றார்கள். அந்த எண்ணைத்தான் அப்புறம் பல வருடங்கள் எல்லாரும் எல்லா இடத்திலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது மிகையான எண் என்று விமர்சனம் எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஹெல்மெட் போடுகிறவர்கள் பொதுவாகவே ஜாக்கிரதையாக ஓட்டுகிறவர்களாக இருக்கலாம், பாதுகாப்பான இடங்களில் ஓட்டுகிறவர்களாக இருக்கலாம், அந்தப் பலனும் ஹெல்மெட்டின் கணக்கில் சேர்ந்துவிடும். பின்னால் வந்தவர்கள் இன்னும் கவனமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 2016இல் ஆஸ்திரேலியாவின் ஒலிவியரும் கிரெய்டனும் 40 ஆய்வுகளை ஒன்றாக்கி, அடிபட்ட 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களின் விவரங்களை வைத்துச் சொன்னது: தலைக்காயத்துக்கான வாய்ப்பு 51 சதவீதம் குறைவு, கடுமையான தலைக்காயம் 69 சதவீதம் குறைவு, உயிர்போகும் தலைக்காயம் 65 சதவீதம் குறைவு, முகத்தில் படும் காயம் 33 சதவீதம் குறைவு. 2018இல் நார்வேயின் ஹோய் 55 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தலைக்காயத்துக்கு 48 சதவீதம், கடுமையான தலைக்காயத்துக்கு 60 சதவீதம் என்று வந்தது. கழுத்தில் காயம் கூடுகிறது என்ற பழைய பயத்துக்கு இரண்டிலுமே ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவை ஏற்கெனவே விழுந்து அடிபட்டவர்களுக்குள் ஒப்பிட்ட எண்கள். விழாமல் இருப்பதற்கு ஹெல்மெட் எந்த உதவியும் செய்யாது. தலைக்காயம் பாதியாகக் குறையும் என்றால் மீதிப் பாதி இன்னும் இருக்கிறது என்றும் அர்த்தம். 85 இல்லை, 51தான் என்றதும் சிலர் "பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை" என்கிறார்கள். ஒரு மருந்து கடுமையான மூளைக்காயத்தைப் பாதிக்குமேல் குறைக்கும் என்றால் நாம் வரிசையில் நின்று வாங்கியிருப்போம்.

இப்போது "குழந்தைகளுக்குச் சரி, பெரியவருக்கு எதற்கு" என்ற கேள்வி. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. பிள்ளையின் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கி, கன்னத்தைத் தட்டி அனுப்பிவிட்டு, வெறுந்தலையோடு கூடவே ஓட்டிச் செல்லும் அப்பா அம்மாக்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மூளை எப்படி அடிபடுகிறது என்று தெரிந்தால் அப்படிச் செய்ய மாட்டார்கள். வயது கூடக்கூட மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையில் இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடந்து போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. இளைஞனுக்கு ஒரு வீக்கத்தோடு போகும் அடி, அறுபது வயதுக்காரருக்கு அந்தக் குழாயைக் கிழித்து உள்ளே ரத்தம் கசிய வைக்கலாம். அந்தக் கசிவு சில நேரம் அன்றைக்கே தெரியாது, நாட்களோ வாரங்களோ கழித்துத் தலைவலியாகவும் குழப்பமாகவும் தள்ளாட்டமாகவும் வெளியே வரும். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். ஆக, எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது வயதான பிறகு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. மின்சார சைக்கிள் வந்த பிறகு வயதானவர்கள் முன்னைவிட வேகமாகவும், கனமான வண்டியிலும் போகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுபவம் காப்பாற்றும் என்கிறீர்கள். உலகத்தில் சைக்கிளை அதிகம் ஓட்டிப் பழகியவர்கள் யார் என்றால் தொழில்முறைப் பந்தய வீரர்கள்தான். 1991இல் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் அவர்கள் போராட்டமே நடத்தினார்கள், விதி பின்வாங்கப்பட்டது. வெயில், எடை, எங்களுக்குத் தெரியாதா என்ற தன்னம்பிக்கை, எல்லாம் இப்போது நீங்கள் சொல்லும் காரணங்களேதான். 1995 டூர் டி பிரான்ஸில் மலையிறக்கம் ஒன்றில் ஒலிம்பிக் சாம்பியன் ஃபாபியோ காசார்தெல்லி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார், வயது 24. 2003 மார்ச்சில், அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில், கஜகஸ்தானின் ஆந்திரேய் கிவிலெவ் வேறு வீரர்களோடு மோதி விழுந்தார், தலையில் ஹெல்மெட் இல்லை, மறுநாள் உயிர் போனது. அந்த வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இன்று பந்தயத்தில் யாரும் அதைப் பற்றி முணுமுணுப்பதுகூட இல்லை. கிவிலெவை இடித்தது லாரியோ காரோ இல்லை, பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த இன்னொரு சைக்கிள்.

நெதர்லாந்துக்கு வருவோம். அங்கே அன்றாடம் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட் போடுவதில்லை என்பது உண்மை, ஒரு கிலோமீட்டருக்கு நடக்கும் சாவுகளை எடுத்தால் உலகத்திலேயே மிகக் குறைவான இடங்களில் ஒன்று என்பதும் உண்மை. காரணம் அவர்களின் மண்டை உறுதி இல்லை. சைக்கிளுக்கு என்று பிரித்த பாதைகள், நகருக்குள் வண்டிகளின் வேகத்தை அடக்கிவைத்த தெருக்கள், தானும் சைக்கிள் ஓட்டுகிறவராகவே இருக்கும் கார் ஓட்டுநர், சாதாரண உடையில் நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகப் போகும் ஓட்டம். 1970களில் தெருவில் இறங்கிப் போராடி அதை வாங்கினார்கள். அதே நாட்டிலேயே பந்தய சைக்கிளில் வேகமாகப் போகிறவர்கள் ஹெல்மெட்டோடுதான் போகிறார்கள் என்பதை இந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது: 2017இல் அங்கே முதல் தடவையாக காருக்குள் இருந்து இறந்தவர்களைவிட (201) சைக்கிளில் இறந்தவர்கள் (206) அதிகம். 2022இல் அந்த எண்ணிக்கை 291 ஆனது. அவர்களில் பெரும்பகுதி வயதானவர்கள். ஆகவே அங்கேயே இப்போது வயதானவர்களை ஹெல்மெட் போடச் சொல்லும் குரல் கூடிக்கொண்டு வருகிறது.

எனக்கு நெதர்லாந்தைவிட டென்மார்க் நல்ல உதாரணமாகப் படுகிறது. அங்கேயும் நல்ல பாதைகள் உண்டு, அங்கேயும் ஹெல்மெட் சட்டம் இல்லை. 2004 வாக்கில் நகரத் தெருக்களில் நூற்றுக்கு ஆறு பேர்தான் ஹெல்மெட் போட்டார்கள், 2020களின் தொடக்கத்தில் ஏறக்குறைய பாதிப் பேர். ஒருவரையும் அபராதம் போட்டு மிரட்டவில்லை, சைக்கிள் ஓட்டுவதும் நின்றுவிடவில்லை.

சட்டம் போட்ட இடங்களில் நடந்ததைப் பார்த்தால் நான் ஏன் தயங்குகிறேன் என்று புரியும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் உலகத்திலேயே முதலாக எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கியது, இரண்டு வருடத்துக்குள் மற்ற மாநிலங்களும் வந்தன, 1994 ஜனவரியில் நியூசிலாந்து. ஹெல்மெட் போடுகிறவர்கள் கூடினார்கள், தலைக்காயங்களும் குறைந்தன, ஆனால் மெல்போர்னில் சட்டம் வந்த கையோடு எடுத்த கணக்கெடுப்பில் சைக்கிள் ஓட்டும் ஆட்களும் குறைந்திருந்தார்கள், முக்கியமாக பதின்வயதினர். காயம் குறைந்ததில் ஹெல்மெட்டின் பங்கு எவ்வளவு, ஆட்கள் குறைந்ததன் பங்கு எவ்வளவு என்று முப்பது வருடமாக வாதம் நடக்கிறது. மெல்போர்னின் பொது வாடகை சைக்கிள் திட்டம் 2019இல் மூடப்பட்டது, போகிற போக்கில் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் கையில் ஹெல்மெட் இருக்க வேண்டுமே. இஸ்ரேல் 2011இல் நகருக்குள் ஓட்டும் பெரியவர்களுக்கு அந்தச் சட்டத்தை விலக்கியது. சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டி என்ற மாவட்டம், 85 சதவீத ஆய்வு வந்த அதே பகுதி, 2022இல் தன் ஹெல்மெட் சட்டத்தை நீக்கிவிட்டது, ஏனென்றால் அபராதச் சீட்டு வீடில்லாதவர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும்தான் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது. ஜப்பான் 2023 ஏப்ரலில் எல்லா வயதினரும் ஹெல்மெட் போட முயல வேண்டும் என்று கடமையாக எழுதிவைத்தது, ஆனால் தண்டனை எதுவும் வைக்கவில்லை. இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆட்கள் சைக்கிளை விட்டுவிடுவது ஏன் அவ்வளவு பெரிய இழப்பு? 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். காரை விட்டுவிட்டு தினமும் சிறு தூரங்களுக்கு சைக்கிளில் போகிறவருக்கு உடற்பயிற்சியால் கூடும் ஆயுள் 3 முதல் 14 மாதம், விபத்தால் குறையும் ஆயுள் சராசரியாக 5 முதல் 9 நாள். அங்கே உள்ள சாலைகளுக்குப் போட்ட கணக்கு இது, மோசமான சாலைகளில் அந்த நாட்கள் கூடும், ஆனாலும் இடைவெளி மிகப் பெரியது. ஆகவே ஹெல்மெட் இல்லாததால் இன்றைக்கு சைக்கிளை எடுக்கலாமா வேண்டாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், எடுங்கள் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு, நாளைக்கு ஒரு ஹெல்மெட் வாங்குங்கள் என்றும் சொல்வேன். இதில் எந்த முரண்பாடும் எனக்குத் தெரியவில்லை.

உரசிக்கொண்டு போகும் ஆய்வு பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்து இயன் வாக்கர் செய்தது, 2007இல் வெளியானது. சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைக் கட்டி, தன்னைத் தாண்டிப்போன சுமார் 2,500 வண்டிகளை அளந்தார். ஹெல்மெட் போட்டிருந்தபோது, போடாதபோது வந்ததைவிட வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. நீண்ட முடி டோப்பா வைத்துப் பெண் போலத் தெரிந்தபோது இன்னும் கூடுதலாக விலகிப்போயின, அதுவும் அதே ஆய்வில்தான். ஆனால் சராசரி இடைவெளியே ஒரு மீட்டருக்கு மேல். ஆபத்து இருப்பது ஒரு மீட்டருக்குள் வரும் வண்டிகளில், அவற்றை மட்டும் தனியே எடுத்து 2013இல் வேறு ஆய்வாளர்கள் பார்த்தபோது ஹெல்மெட்டால் வித்தியாசம் இருப்பதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாக்கர் அதற்கும் பதில் எழுதினார், விவாதம் தொடர்ந்தது. என் கருத்து இது: எட்டு சென்டிமீட்டர் விலகலுக்காக, விழுந்தால் கைகொடுக்கும் ஒரே பொருளைக் கழற்றி வைப்பது நல்ல பேரம் இல்லை. ஹெல்மெட் போட்டால் ஓட்டுகிறவரே துணிச்சலாகத் தாறுமாறாக ஓட்டுவார் என்ற வாதமும் உண்டு, அதைப் பற்றி வந்த 23 ஆய்வுகளை 2019இல் ஒருசேரப் பார்த்ததில் 18இல் அதற்கு ஆதாரமே இல்லை.

லாரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. லாரி ஏறினால் ஹெல்மெட் ஒன்றும் செய்யாது. நெஞ்சும் இடுப்பும் நசுங்கும் இடத்தில் தலைமேல் இருக்கும் நுரையால் என்ன பயன்? வேகமாக வரும் கார் தூக்கி எறிந்தாலும் சோதனை வேகத்தை எங்கேயோ தாண்டிவிடுகிறது, கொஞ்சம் உதவலாம், நம்பி இருக்க முடியாது. அதற்கு வேண்டியது பிரிந்த பாதை, வண்டிகளின் வேகக் கட்டுப்பாடு, லாரிகளில் பக்கவாட்டுத் தடுப்பு. ஒரு சைக்கிள்காரர் பேருந்தில் அடிபட்டுச் செத்த செய்தி வந்தால் முதல் கேள்வியாக "ஹெல்மெட் போட்டிருந்தாரா" என்று கேட்பது எனக்குக் கோபத்தை உண்டாக்கும். இடித்தவர் எவ்வளவு வேகத்தில் வந்தார் என்று முதலில் கேளுங்கள். ஆனால் சைக்கிள்காரர்கள் விழுவதில் பெரும்பகுதி லாரியால் நடப்பதில்லை. மணல், ஈரம், பள்ளம், குறுக்கே ஓடும் நாய், சக்கரத்தில் சிக்கிய பை, கழன்ற செருப்பு. அந்த விழுதல்களுக்காகச் செய்யப்பட்டதுதான் இந்தத் தொப்பி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. தரச் சோதனைகளில் தலை நேராக விழுகிறது, நிஜத்தில் நாம் சறுக்கிக்கொண்டு சாய்வாக விழுகிறோம், அப்போது தலை சட்டென்று திருகிக்கொள்கிறது. மூளையை அதிகம் பாதிப்பது அந்தத் திருகல்தான் என்று 1943லேயே ஆக்ஸ்போர்டில் இருந்த இயற்பியலாளர் ஹோல்போர்ன் ஜெலட்டினால் மூளை மாதிரி செய்து திருப்பிக் காட்டினார். ஸ்வீடனில் 1990களின் நடுவில் ஒரு மூளை அறுவை நிபுணரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள், அதுதான் இப்போது மிப்ஸ் என்ற பெயரில் பல ஹெல்மெட்டுகளுக்குள் இருக்கும் மெல்லிய வழுக்குப் படலம். அடிபடும்போது ஹெல்மெட் ஒன்றரை சென்டிமீட்டர் வரை தலைமேல் நழுவி, திருகலைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. வேறு நிறுவனங்கள் வேறு வழிகளில் அதையே செய்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சாய்வாக மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் விலை கூடியது நல்லது என்ற ஒழுங்கு இல்லை, மலிவானவை சில ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. விலை கூடினால் கிடைப்பது பெரும்பாலும் எடைக் குறைவும் காற்றோட்டமும்.

தரமுத்திரை இல்லாததை வாங்காதீர்கள், இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். வேறொருவர் பயன்படுத்தியதையும் வாங்காதீர்கள், அது விழுந்ததா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, என்னுடையதே வெளியே ஒரு தேய்ப்போடுதான் இருந்தது. நன்றாக ஓர் அடி வாங்கிய ஹெல்மெட் முடிந்தது, அமுங்கிய நுரை திரும்ப எழாது. பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் நுரை கரைந்துவிடும், சோப்புத் தண்ணீர் போதும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டே இருக்கிறது, அதைப் போடலாமா என்றால், பாதுகாப்பில் குறையில்லை, ஆனால் மிதிக்கும்போது வேர்த்து மூச்சு முட்டும், இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிடுவீர்கள்.

போடுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் தள்ளிப் போட்ட ஹெல்மெட், முன்னால் விழும்போது எதையும் காக்காது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம்தான் விட வேண்டும். வார் இரண்டு பக்கமும் காதைச் சுற்றி காதுக்குக் கீழே சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்வு கூடாது. வாயை அகலமாகத் திறந்தால் ஹெல்மெட் தலையைக் கீழே அழுத்துவது தெரிய வேண்டும். முடியைக் கொண்டையாகப் போட்டு அதன் மேல் வைத்தால் ஆடிக்கொண்டே இருக்கும், கழுத்துக்குக் கீழே பின்னிவிடுங்கள். கடைசியாக, வாரை மாட்டாமல் பின்பக்கத் திருகியை மட்டும் இறுக்கிவிட்டு, தலையைக் குனிந்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். கீழே விழுந்தால் அளவு சரியில்லை.

அளவு என்பது தலையின் சுற்றளவுதான். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்னால் பிடரி மேடு வழியாக ஒரு நாடாவைச் சுற்றி சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54க்கும் 62க்கும் நடுவில் வரும், ஹெல்மெட்டின் உள்ளேயும் அதே எண்கள்தான் அச்சிட்டிருக்கும். வாங்கிய பிறகு அதை அலமாரியில் வைக்காதீர்கள், சைக்கிள் பூட்டோடு சேர்த்து ஹேண்டில்பாரிலேயே தொங்கவிடுங்கள், பூட்டைத் திறக்கும்போது கைக்குத் தானாக வரும்.